பயிற்சியாளர் போனார், கேள்விகள் போகவில்லை

*சிட்னியின் மேற்கில், 1986க்குப் பிறகு கோப்பையைத் தொடாத ரக்பி லீக் அணி பர்ராமட்டா. அதைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் வழிநடத்திய பிராட் ஆர்தர் மேல் ரசிகர்களுக்கு ஏன் இத்தனை ஆதங்கம்? அதில் எது நியாயம், எது அநியாயம்?*

2024 மே 20, திங்கட்கிழமை. பர்ராமட்டா ஈல்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர் பிராட் ஆர்தர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதற்கு முந்தைய வார இறுதியில்தான் பிரிஸ்பேனில் மெல்பர்ன் ஸ்டோர்ம் அணியிடம் 48–16 என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தது அணி. 2014இல் பொறுப்பேற்றவருக்கு அது பதினோராவது சீசன். அடுத்த ஆண்டு முடியும்வரை ஒப்பந்தம் இருந்தது.

செய்தி வந்ததும் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 'இப்போதாவது செய்தார்களே' என்றது ஒரு பக்கம். 'இந்த மனிதர் இல்லையென்றால் இந்த கிளப் என்றோ சிதறிப் போயிருக்கும்' என்றது இன்னொரு பக்கம். பல ஆண்டுகளாக நீலமும் மஞ்சளும் உடுத்தி இந்த அணிக்காகத் தொண்டை வற்றக் கத்தும் என்னைப் போன்றவர்களுக்கு இரண்டுமே உண்மையாகப் பட்டன. ஆர்தர் மேல் எங்களுக்கு இருந்த கோபம் வெறும் ஆத்திரம் கிடையாது, அதற்குக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்தால் மொத்தமும் அவர் பெயரில் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நான்கு மணி

கபடியின் பிடியையும் மோதலையும் எடுத்து, கையில் ஒரு பந்தைக் கொடுத்து, எண்பது நிமிடம் ஓடவிட்டால் ரக்பி லீக் ஓரளவு பிடிபடும். ஒரு பக்கத்துக்குக் களத்தில் 13 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள்தான் வாய்ப்பு. அதற்குள் எதிராளியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தால் அது 'ட்ரை', நான்கு புள்ளி. அதைத் தொடர்ந்து பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் இன்னும் இரண்டு. ஆர்தர் காலத்தின் பெரும்பகுதியில் பெஞ்சில் நான்கு பேர், ஆட்டம் முழுக்க எட்டு மாற்றங்கள். 2016இல்தான் பத்தை எட்டாகக் குறைத்தார்கள்.

யாரை எடுப்பது, யாரை வெளியே உட்காரவைப்பது, களைத்துப்போன முன்வரிசையை எத்தனையாவது நிமிடத்தில் மாற்றுவது என்பதெல்லாம் தலைமைப் பயிற்சியாளர் கையில். ஆட்டம் தொடங்கிவிட்டால் அவர் மேலே கண்ணாடி அறையில் இருப்பார். கீழே இறங்கி வந்து எதையும் செய்ய முடியாது. அவருடைய மூளையை ரசிகன் நேரில் பார்க்கும் இடம் செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு வெளியாகும் அணிப் பட்டியல்தான்.

பர்ராமட்டாவைச் சுற்றியுள்ள வெண்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில், கிராவீன் பகுதிகளில் ஈழத்தமிழர்கள் நிறைய. மேஸ் ஹில் முருகன் கோயிலிலிருந்து மைதானம் வெகு தூரமில்லை. 1983க்குப் பிறகு ஊரைவிட்டு வந்தவர்களின் பிள்ளைகள் இந்த அணியின் ஏற்ற இறக்கத்தோடுதான் பள்ளிக்கூடம் போய் வளர்ந்தார்கள். பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்கும் தொற்றிக்கொண்டது. செவ்வாய் மாலை வெண்ட்வொர்த்வில் கடையில் மரக்கறி வாங்கப் போனால், தெரிந்த அண்ணை ஒருவர் முதலில் கேட்பது, "என்ன தம்பி, இந்தக் கிழமையும் அதே ஆக்கள்தானோ?" என்றுதான். பெரும்பாலும் அதே ஆட்கள்தான். எங்கள் ஆதங்கத்தின் வேரும் அங்கேதான் இருந்தது.

முதல்வனை வெல்வது, கடைசியிடம் தோற்பது

2022 சீசனை எடுத்துக்கொள்வோம். ஆர்தர் காலத்தின் உச்சம் அது. மூன்றாவது சுற்றில் மெல்பர்னுக்கே போய், கூடுதல் நேரத்தில் 28–24 என்று ஜெயித்தார்கள். வெற்றி ட்ரையைப் பதித்த ரே ஸ்டோனுக்கு அதே கணத்தில் முழங்கால் தசைநார் கிழிந்தது. கொண்டாட ஓடிவந்தவர்கள் தரையில் கிடந்தவரைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். அந்த அணி எதற்கும் துணிந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மே மாதம் நடப்புச் சாம்பியன் பென்ரித்தை அவர்கள் மைதானத்திலேயே 22–20 என்று சாய்த்தார்கள். ஜூலையில் மறுபடியும் 34–10. அதில் பென்ரித்தின் நேதன் கிளியரியை நடுவர் களத்திலிருந்து வெளியேற்றியது உதவியது என்றாலும் வெற்றி வெற்றிதான்.

இதே அணிதான் ஈஸ்டர் திங்களன்று, நிரம்பி வழிந்த சொந்த மைதானத்தில், வெஸ்ட்ஸ் டைகர்ஸிடம் தோற்றது. டைகர்ஸுக்கு அந்த சீசனில் அதுவரை ஒரு வெற்றிகூடக் கிடையாது. 20–20 என்று நின்ற ஆட்டத்தில் கடைசி நேரத்தில் ஜாக்சன் ஹேஸ்டிங்ஸ் ஒரு புள்ளி தரும் ஃபீல்ட் கோல் உதைத்தார். 21–20. சீசன் முடிவில் டைகர்ஸ் பட்டியலின் அடியில் கிடந்தது.

ஒருமுறை நடந்தால் சறுக்கல். ஆண்டுதோறும் நடந்தால் அது பழக்கம். பெரிய ஆட்டத்துக்கு அணியை முறுக்கேற்றத் தெரிந்த பயிற்சியாளருக்கு, மழை பெய்யும் ஞாயிற்றுக்கிழமை சின்ன அணியோடு மோதும்போது அதே முறுக்கைக் கொண்டுவரத் தெரியவில்லை. இதைக் குறை சொல்ல ரசிகனுக்கு முழு உரிமை உண்டு. வீரர்களின் திறமை இரண்டு வாரத்தில் மாறிவிடாது. மாறுவது தயாரிப்பு. தயாரிப்பு தலைமைப் பயிற்சியாளரின் வேலை.

இறுதிச் சுற்றுகளின் கதையும் இப்படித்தான். 2017இல் நான்காவது இடம்; இரண்டு ஆட்டங்களில் இரண்டு தோல்வி, வெளியே. 2019இல் பிரிஸ்பேனை 58–0 என்று நசுக்கிவிட்டு, அடுத்த வாரமே மெல்பர்னிடம் 32–0. 2020இல் மூன்றாவது இடம். மறுபடி இரண்டுக்கு இரண்டு தோல்வி. 2021இல் பென்ரித்திடம் 8–6. 2022இல் ஒருவழியாக இறுதிப் போட்டி. அங்கே பாதி ஆட்டத்தில் பென்ரித் 18–0, முடிவில் 28–12.

விசுவாசம் என்னும் பலவீனம்

ஆர்தரை அருகிலிருந்து பார்த்தவர்கள் அவரைப் பற்றி முதலில் சொல்வது, தன் ஆட்களைக் கைவிடமாட்டார் என்பதைத்தான். வீரர்கள் அவருக்காக உயிரைக் கொடுத்து ஆடியதற்கு அதுவே காரணம். ஆனால் தேர்வு மேசையில் அதே குணம் அவர் கையைக் கட்டிப்போட்டது.

2022 இறுதிச் சுற்றின் முதல் வாரம், பென்ரித் மைதானம். நேதன் கிளியரி பந்தை வானத்துக்கு உதைத்தபடியே இருந்தார். சுழன்று, தடுமாறி, கடைசி நொடியில் திசை மாறி இறங்கும் உதைகள். எல்லாம் பர்ராமட்டாவின் விங்கர் வாக்கா பிளேக்கின் தலைக்கு மேல். பந்து நழுவ நழுவ அடுத்த உதையும் அங்கேயே வந்தது. எதிரணி ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டது என்று மைதானத்தில் இருந்த சிறுவனுக்குக்கூடத் தெரிந்தது. ஆட்டம் 27–8 என்று போனது. நான் குறை சொல்வது பிளேக்கை அல்ல. அப்படிப்பட்ட உதையைப் பிடிப்பது எவருக்கும் கடினம். ஒரு வீரரை எதிராளி குறிவைத்து வேட்டையாடும்போது அவருக்குத் துணையாக இன்னொருவரைப் பின்னால் இழுத்து நிறுத்துவதோ, இடத்தை மாற்றுவதோ மேலே கண்ணாடி அறையில் இருப்பவரின் பொறுப்பு. 'அவர் சமாளித்துக்கொள்வார்' என்று நம்பிக் காத்திருப்பது மனிதாபிமானம். இறுதிச் சுற்றில் அதற்கு விலை அதிகம்.

பெஞ்ச் விஷயமும் அப்படியே. நான்கு இடங்களில் ஒன்றை, ஆட்டத்தின் கடைசிச் சில நிமிடங்களுக்கு மட்டும் களமிறங்கும் ஒருவருக்குக் கொடுத்தால், மீதி மூன்று பேரை வைத்துத்தான் முன்வரிசையின் மூச்சைக் காப்பாற்ற வேண்டும். எழுபதாவது நிமிடத்தில் கால்கள் பின்னும்போது அந்தக் கணக்கு தெரியும். பல ஆட்டங்களை நாங்கள் அந்தப் பத்து நிமிடங்களில்தான் பறிகொடுத்தோம். அந்த நான்காவது இடத்தில் பல வாரம் உட்கார்ந்திருந்தவர் பயிற்சியாளரின் மகன் என்பதால் விவாதம் வேறு திசையில் போனது.

ஊளையிட்ட நாள்

ஜேக் ஆர்தர் 2021இல் அறிமுகமானார். அணியின் தாக்குதலை வழிநடத்தும் ஹாஃப்பேக் ஆட்டக்காரர். 2022இல் முதன்மை ஹாஃப்பேக் மிட்செல் மோசஸ் விரல் முறிந்து வெளியே இருந்தபோது அந்தச் சுமை 19 வயதுப் பையன் தோளில் விழுந்தது. அணி தடுமாறியது. சொந்த மைதானத்தில் சொந்த ரசிகர்களில் ஒரு கூட்டமே அவரைப் பார்த்து ஊளையிட்டது.

இதை எந்தச் சாக்கும் சொல்லாமல் கண்டிக்கிறேன். பயிற்சியாளரின் தேர்வு பிடிக்கவில்லை என்றால் பயிற்சியாளரைக் கேள். தேர்வு செய்யப்பட்டவன் செய்த குற்றம் என்ன? கொடுத்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு, தன்னைவிடப் பத்து வயது மூத்த, இருபது கிலோ கூடுதல் எடையுள்ள ஆட்கள் மேல் போய் மோதினான். தகப்பன் மேலிருந்த கோபத்தைப் பிள்ளை தலையில் கொட்டியது கோழைத்தனம். அதே ஆண்டு இறுதிப் போட்டியில் பர்ராமட்டா பதித்தது இரண்டே ட்ரைகள். அவற்றில் ஒன்று ஜேக் ஆர்தருடையது. அடுத்த ஆண்டின் நடுவில் அவர் மேன்லி அணிக்குப் போய்விட்டார்.

அந்த ஊளை பயிற்சியாளர் மீதான நியாயமான விமர்சனத்தையும் கெடுத்தது. 'பெஞ்சை ஏன் இப்படி அமைக்கிறீர்கள்?' என்று அதற்குப் பிறகு யார் கேட்டாலும், 'பையனைத் திட்டுகிற கூட்டம்' என்று ஒதுக்க முடிந்தது. கேள்வி செத்துப்போனது. பதில் சொல்ல வேண்டியவருக்கு அது வசதியாகவும் போனது.

கோளாறு எங்கே?

ஆர்தருக்கு முந்தைய வரலாற்றைப் பார்த்தால்தான் அவர் என்ன சுமந்தார் என்பது புரியும். பர்ராமட்டா 1947இல் சிட்னி போட்டிக்குள் வந்த அணி. முதல் கோப்பைக்கு 34 ஆண்டு காத்திருந்தது. 1981இல் ஜாக் கிப்சன் பயிற்சியாளராக வந்தார். 1981, 1982, 1983 என்று வரிசையாக மூன்று. முதல் வெற்றி இரவில் ரசிகர்கள் கம்பர்லாண்ட் ஓவலின் பழைய மர ஸ்டாண்டையே கொளுத்திவிட்டார்கள். 1986இல் ஜான் மோனியின் கீழ் நான்காவது கோப்பை, கேன்டர்பரிக்கு எதிராக 4–2, இரு தரப்பிலும் ஒரு ட்ரைகூட இல்லாமல். அணியின் தூண்களான ரே பிரைஸும் மிக் க்ரோனினும் அன்றோடு ஓய்வு பெற்றார்கள்.

அதற்குப் பிறகு பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். ஆர்தருக்கு முன் அதிக காலம் நின்றவர் பிரையன் ஸ்மித். 2001இல் அவர் அணி சீசனில் 839 புள்ளி குவித்துப் பட்டியலில் முதலிடம் பிடித்தது; இறுதிப் போட்டியில் பாதி ஆட்டத்திலேயே நியூகாசலிடம் 24–0 என்று பின்தங்கி, 30–24 என்று தோற்றது. ஸ்மித் போனதும் நிர்வாகம் யாரைக் கூட்டிவந்தது தெரியுமா? அந்த நியூகாசல் அணியின் பயிற்சியாளர் மைக்கேல் ஹேகனை. இரண்டு ஆண்டில் அவரும் போனார். 2009இல் டேனியல் ஆண்டர்சன் அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். அடுத்த ஆண்டே நீக்கம். ஸ்டீபன் கியர்னி காலத்தில் 2012இல் கடைசி இடம். 2013இல் ரிக்கி ஸ்டுவர்ட் வந்து, வீரர்களைக் கூட்டி உட்காரவைத்து, வேண்டாத 12 பேரின் பெயரைத் திரையில் காட்டினார். மறுபடி கடைசி இடம். ஒரே ஆண்டில் அவரே கான்பெராவுக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த இடிபாட்டுக்குள்தான் ஆர்தர் வந்தார். 2016இல் அணி நன்றாக ஆடிக்கொண்டிருந்தபோது, சம்பள வரம்பை மீறி நிர்வாகம் ஆண்டுக்கணக்கில் பணம் கொடுத்தது அம்பலமானது. 12 புள்ளிகள் பறிப்பு, பத்து லட்சம் டாலர் அபராதம், ஐந்து நிர்வாகிகளுக்குத் தடை. மாநில அரசு அணியின் தாய் அமைப்பான லீக்ஸ் கிளப்பின் நிர்வாகக் குழுவையே கலைத்தது. தண்டனை பெற்றவர்களில் ஆர்தர் இல்லை. 13 ஆட்டங்கள் வென்ற அந்த அணி, பறிபோன புள்ளிகள் இருந்திருந்தால் முதல் எட்டுக்குள் நின்று இறுதிச் சுற்றுக்குப் போயிருக்கும். மேசைக்குப் பின்னால் செய்த தவறுக்குக் களத்தில் ஆடியவர்கள் கட்டினார்கள்.

2022இல் இன்னொரு வகை இழப்பு. இறுதிப் போட்டி ஆடிய கையோடு ஹூக்கர் ரீட் மஹோனி புல்டாக்ஸுக்கும், ஐசாயா பபாலீ டைகர்ஸுக்கும், மராட்டா நியூகோரே வாரியர்ஸுக்கும் போனார்கள். ரே ஸ்டோனும் ஓரிகன் கௌஃபுசியும் போனார்கள். இவர்களில் சிலர் போவது சீசன் தொடங்கும் முன்பே ஊருக்குத் தெரியும். மஹோனி இடத்துக்கு வந்த ஜாஷ் ஹாட்ஜ்சன் கழுத்துக் காயத்தால் 2023இல் ஆட்டத்தையே விட்டார். ஹூக்கர் என்பவர் ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும் பந்தை எடுத்துக் கொடுப்பவர். அந்த இடம் காலியானால் அணியின் தாளமே போய்விடும். அவருக்குப் பின்னால் ஓர் இளைஞரை ஏன் தயார் செய்து வைக்கவில்லை? இந்தக் கேள்வி பயிற்சியாளருக்கும் உண்டு. ஆட்களை எடுப்பவருக்கும், கையெழுத்துப் போடும் நிர்வாகத்துக்கும் அதைவிட அதிகமாக உண்டு.

அரை மணி ரயில் தூரத்தில் ஒரு பாடம்

பர்ராமட்டாவிலிருந்து மேற்கே அரை மணி ரயிலில் பென்ரித். அங்கேயும் ஒரு பயிற்சியாளரை நீக்கினார்கள், 2015இல். அவர் பெயர் ஐவன் கிளியரி. பிறகு அந்தோணி கிரிஃபின் வந்தார். அவரையும் 2018இல் நீக்கினார்கள். 2019 சீசனுக்குப் பழைய கிளியரியே திரும்பி வந்தார். 2021, 2022, 2023, 2024 என்று நான்கு கோப்பைகள் தொடர்ச்சியாக. அங்கேயும் அப்பா பயிற்சியாளர், மகன் ஹாஃப்பேக். மகன் நேதன் இன்று உலகின் முதல்தர ஆட்டக்காரர்களில் ஒருவர்.

நீக்கப்பட்டபோதும் கோப்பை வாங்கியபோதும் ஆள் ஒருவர்தான். இடைப்பட்ட காலத்தில் பெரிதாக வளர்ந்தது அவருக்குக் கீழே இருந்த அமைப்பு. மவுண்ட் ட்ரூயிட் பக்கத்துப் பிள்ளைகள், ஜெரோம் லுவாய், பிரையன் டோ போன்றவர்கள், சிறு வயதிலிருந்து ஒன்றாக ஆடி, ஒன்றாகவே முதல் அணிக்குள் வந்தார்கள். ஆண்டுதோறும் நட்சத்திரங்களைப் பிற அணிகள் தூக்கிக்கொண்டு போனாலும் அடுத்தவர் கீழேயிருந்து வந்தபடி இருந்தார். பர்ராமட்டாவைச் சுற்றியும் ரக்பி லீக் ஆடும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. அவர்களை வளர்த்துக் கையில் வைத்துக்கொள்ளும் பொறுமைக்குத்தான் பஞ்சம்.

இனி யாரைக் கேட்பது?

ஆர்தர் 2024இன் நடுவிலேயே இங்கிலாந்தின் லீட்ஸ் ரைனோஸ் அணிக்குப் போனார். 2025இல் அந்த அணி நான்காவது இடத்தில் முடித்தது. பர்ராமட்டாவில் டிரெண்ட் பாரெட் இடைக்காலத்தைச் சமாளித்தார். 2025இல் ஜேசன் ரைல்ஸ் பொறுப்பேற்றார். அவருடைய முதல் ஆட்டமே மெல்பர்னிடம் 56–18. சில வாரங்களில் ஸ்டாண்டில் பழைய முணுமுணுப்பு கேட்கத் தொடங்கியது. பெயர் மட்டும் புதிது.

பயிற்சியாளரை விமர்சிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. டிக்கெட் வாங்கி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, குளிரில் எண்பது நிமிடம் உட்காருகிறவனுக்குக் கேட்கும் உரிமை உண்டு. ரைல்ஸிடம் கேட்க மூன்று விஷயங்கள் இருக்கின்றன. பலவீனமான அணிக்கு எதிராகவும் அதே தயாரிப்போடு வருகிறீர்களா? பெஞ்சை முழுதாகப் பயன்படுத்துகிறீர்களா? ஒரு திட்டம் இருபதாவது நிமிடத்தில் பொய்த்தால் மாற்றுத் திட்டம் கையில் இருக்கிறதா? இவற்றுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எங்கள் கோபத்தை அவர் தாங்கத்தான் வேண்டும்.

நிர்வாகக் குழுவிடம் கேட்க வேண்டியவை வேறு. நல்ல வீரர்களின் ஒப்பந்தம் முடியும் ஆண்டில் ஏன் தூங்குகிறீர்கள்? சுற்றுவட்டாரச் சிறுவர் அணிகளிலிருந்து எத்தனை பேரை ஐந்து ஆண்டில் முதல் அணிக்குக் கொண்டுவருவீர்கள்? ஒரு பயிற்சியாளரை நியமிக்கும்போது எதை வைத்து எடைபோடுவீர்கள், எத்தனை ஆண்டு பொறுப்பீர்கள்? இவற்றை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர்கள் எழுந்து நின்று கேட்க வேண்டும். பதில் எழுத்தில் வர வேண்டும்.

1986க்குப் பிறகு இந்த கிளப் பயிற்சியாளர்களை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டது. ஒவ்வொரு நீக்கமும் ரசிகர்களின் கோபத்தைச் சில மாதம் ஆற்றியது. நிர்வாகத்துக்கு அவகாசம் வாங்கிக் கொடுத்தது. அந்த அவகாசத்தை இனி நாங்கள் இலவசமாகக் கொடுக்கக் கூடாது. அடுத்தமுறை ஒரு பயிற்சியாளரை நீக்கினால், 'நல்லதாயிற்று' என்று கைதட்டும் முன், அவரை நியமித்தவர் யார், அவருக்கு என்ன கொடுத்தார்கள், என்ன கொடுக்கவில்லை என்று கேட்போம். அந்த விடை கிடைக்கும்வரை கிளப்பை விடாமல் துரத்துவதுதான் இந்த அணியை நேசிப்பவர்கள் செய்யக்கூடிய உருப்படியான காரியம்.